காற்று விழுந்த கடலில் டீசல் கணக்கு

நீண்ட கடல் பயணத்தில் டீசலை லிட்டரில் எண்ணாதீர்கள், மணியில் எண்ணுங்கள். என் 40 அடி பாய்மரப் படகில் டேங்க், கேன் எல்லாம் சேர்த்து 380 லிட்டர். அதில் 80 லிட்டர் இல்லவே இல்லை என்று வைத்துக்கொள்வேன். டேங்கின் அடியில் தங்குவது, பேட்டரி சார்ஜுக்கு, கடைசியில் துறைமுகத்துக்குள் நுழைய என்று அது போய்விடும். மீதி 300. 1500 ஆர்பிஎம்மில் மணிக்கு 2 லிட்டர், வேகம் 5 நாட், அதாவது மணிக்கு 5 கடல் மைல். ஆக 150 மணி நேரம், 750 கடல் மைல். 2400-க்கு ஏற்றினால் 6.5 நாட் கிடைக்கும், ஆனால் மணிக்கு நாலரை லிட்டர் குடிக்கும். 430 மைலில் கதை முடிந்தது. உங்கள் இன்ஜினுக்கு எண்கள் வேறாக இருக்கும். கிளம்பும் முன் டேங்கை நிரப்பி, ஒரே ஆர்பிஎம்மில் நாலு மணி நேரம் ஓட்டி, மறுபடி நிரப்ப எவ்வளவு பிடிக்கிறது என்று பாருங்கள்.

டீசல் மீட்டரின் முள்ளை நம்பாதீர்கள். ஒருமுறை என் முள் பாதியிலேயே நின்றுகொண்டிருந்தது. உள்ளே மிதவை சிக்கியிருந்தது தெரியாது. பதினோராம் நாள் இன்ஜின் இருமிவிட்டு அணைந்தது. இப்போது ஒரு மரக்குச்சிதான். டேங்க் நிரப்பும்போது 20 லிட்டருக்கு ஒரு கோடு, கத்தியால் கீறியது. படகு ஆடும்போது மூன்று முறை விட்டுப் பார்த்து நடு அளவை எடுப்பேன். தினமும் நண்பகலில், பதிவேட்டில்.

சரி, காற்று நின்றுவிட்டது. சாவியைத் திருக வைப்பது பெரும்பாலும் அவசரம் இல்லை, சத்தம்தான். காற்றில்லாத கடலிலும் பழைய அலை உருண்டுகொண்டே இருக்கும். மெயின் பாய் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பளார் பளார் என்று அடிக்கும். அரை நாளில் பொறுமை போய்விடும், தையலும் போய்விடும். அதை இறக்கிவிடுங்கள். பூமை, அதாவது மெயின் பாயின் அடியைத் தாங்கும் கிடைக் கம்பத்தை, இரண்டு பக்கமும் கயிறு போட்டு இறுக்குங்கள். 5 நாட் காற்று இருந்தால்கூட மெல்லிய நைலான் பாய் நிற்கும். ஆனால் காற்றை நேர் முதுகில் வாங்கக் கூடாது. படகின் முன்முனையிலிருந்து 140 டிகிரி அளவில் காற்று வரும்படி திருப்பினால் படகின் ஓட்டமே பாய்க்குக் கொஞ்சம் காற்றைச் சேர்க்கும். சுற்று வழிதான், பரவாயில்லை.

என் விதி: வேகம் ஆறு மணி நேரம் 2 நாட்டைத் தாண்டாவிட்டால் மட்டும் இன்ஜின். அதுவும் ஊரை நோக்கி இல்லை, முன்னறிவிப்பு காட்டும் அடுத்த காற்றை நோக்கி. நிலநடுக்கோட்டை ஒட்டிய காற்றில்லாப் பட்டையைக் கடக்கும்போது குறுக்கே, நேர் வடக்கு-தெற்காக வெட்டுங்கள்; சாய்வாகப் போனால் அதே பட்டைக்குள்ளேயே எரித்துத் தீர்ப்பீர்கள்.

அப்புறம், கடல் தட்டையாகக் கிடக்கும் நேரம்தான் கேன்களை டேங்கில் ஊற்ற வசதி. வடிகட்டி வைத்த புனல் கட்டாயம். கடைசிக் கேனை மட்டும் தொடாதீர்கள். டேங்க் அழுக்கு கலங்கி ஃபில்டர் அடைத்தால், ஃபில்டரை மாற்றிவிட்டு அந்தக் கேனிலிருந்தே இன்ஜினுக்கு நேராகக் குழாய் போடலாம். டீசல் திரும்பி வரும் குழாயையும் அதற்குள்ளேயே விட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் நல்ல டீசல் அழுக்கு டேங்குக்குப் போய்ச் சேரும்.