அந்த ஒற்றை ‘ஆம்’: பிள்ளைகளுக்கு மதங்களை அறிமுகப்படுத்தும்போது நேரும் தவறுகள்

சொந்த மதத்தின் கதையைப் பிள்ளைக்குச் சொல்லும்போது வினைச்சொல்லை எப்படி முடிக்கிறீர்கள் என்று ஒருமுறை கவனித்துப் பாருங்கள். “தோன்றினார்”, “காப்பாற்றினார்”, “அருளினார்.” அடுத்தவர் மதத்துக்கு வந்ததும் அதே வாய் “தோன்றினாராம்”, “கடல் பிளந்ததாம்” என்று இழுக்கும். நம்முடையது நடந்தது, அவர்களுடையது யாரோ சொல்லக் கேட்டது. பிள்ளைக்கு இலக்கணம் தெரியாது, ஏளனம் நன்றாகத் தெரியும். எத்தனை படப்புத்தகம் வாங்கிக் கொடுத்தாலும் அந்த ‘ஆம்’தான் மனத்தில் தங்கும்.

என்னைக் கேட்டால் மற்ற எல்லாத் தவறுகளையும்விடப் பெரியது இதுதான். செய்கிறவருக்கே தெரியாமல் நடப்பதால் திருத்தவும் கடினம். எல்லா மதத்துக்கும் ஒரே மாதிரி வாக்கியத்தைப் பழகிக்கொள்வதே வழி. “மோசேயின் முன் கடல் பிளந்தது என்று யூதர்கள் நம்புகிறார்கள்” என்றால், நம் கதைக்கும் “என்று நாம் நம்புகிறோம்” வர வேண்டும். வரலாறு வேறு கணக்கு. குருநானக் 1469இல் பிறந்தார், நபிகள் நாயகம் 622இல் மக்காவிலிருந்து மதீனாவுக்குக் குடிபெயர்ந்தார் என்பதையெல்லாம் யாரும் நேராகவே சொல்லலாம். வானவர் வந்து இறைச்செய்தி சொன்னார் என்பது நம்பிக்கை. இரண்டையும் பிரித்துச் சொன்னால் ஏழெட்டு வயதுப் பிள்ளை சட்டென்று பிடித்துக்கொள்ளும்.

மரியாதை விகுதியிலும் ஒரு சிக்கல் உண்டு. “தேவன் சொன்னார்” என்று கிறிஸ்தவர்கள் எழுதுவார்கள், “அல்லாஹ் கூறுகிறான்” என்று முஸ்லிம்கள் எழுதுவார்கள். பின்னது மரியாதைக் குறைவு அல்ல. இறைவன் ஒருவனே என்பதை ஒருமையால் காட்டுவது. அதே முஸ்லிம்கள் நபியை “நாயகம் கூறினார்கள்” என்று பன்மையில் சொல்வார்கள். ‘அல்லாஹ்’ என்பதும் கடவுளைக் குறிக்கும் அரபுச் சொல்தான். அரபு பேசும் கிறிஸ்தவர்களும் அதையே சொல்லித்தான் வேண்டுகிறார்கள். இதைக் கேட்டதும் பல பிள்ளைகளுக்குக் கண் விரியும்.

அடுத்தது அட்டவணை. நிறுவனர், புனித நூல், வழிபாட்டிடம், பண்டிகை என்று நான்கு கட்டம் போட்டு ஒவ்வொரு மதத்தையும் அதில் திணிப்பது. பரீட்சைக்கு வசதி. ஆனால் இந்து மதத்துக்கு நிறுவனர் என்று ஒருவரைக் காட்ட முடியாது. சீக்கியர்களுக்குக் குரு கிரந்த் சாஹிப் வெறும் ‘நூல்’ அல்ல, வாழும் குரு. பௌத்தத்திலும் சமணத்திலும் உலகைப் படைத்த கடவுளைத் தேடினால் கட்டம் காலியாகவே கிடக்கும். அந்நாட்டுப் பழைய மரபான ஷிண்டோவின் கோயிலுக்கும் பௌத்தக் கோயிலுக்கும் ஒருவரே போய்வரும் ஜப்பானில், ‘நீ எந்த மதம்’ என்ற கேள்வியே சரியாகப் பொருந்துவதில்லை. கட்டத்துக்குள் அடங்காத இந்த இடங்களில்தான் சுவாரசியமே இருக்கிறது. அட்டவணை அதைத்தான் வெட்டி எறிகிறது.

“எல்லா மதமும் ஒன்றையே சொல்கின்றன” என்பது நல்லெண்ணத்தில் வரும் தவறு. இயேசுவையே எடுத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்தவர்களுக்கு அவர் சிலுவையில் மரித்து உயிர்த்தெழுந்த இறைமகன். முஸ்லிம்களுக்கு அவர் ஈசா நபி, பெரும் மதிப்புக்குரிய இறைத்தூதர். ஆனால் இறைவனின் மகன் அல்லர், சிலுவையில் இறக்கவும் இல்லை. யூதர்கள் அவரை, தாங்கள் எதிர்பார்க்கும் மீட்பரான மெசியாவாக ஏற்பதில்லை. இந்த மூன்றையும் ஒன்றென்று சொன்னால் மூவருமே மறுப்பார்கள். வேறுபாடு இருந்தால் சண்டை வரும் என்ற பயம் பெரியவர்களுடையது. தோழிக்குப் பிடித்த நிறம் வேறு என்பதைப் பிள்ளைகள் தினமும் தாங்கிக்கொள்கிறார்கள்.

பண்டிகையை மட்டும் காட்டி நிறுத்துவதிலும் ஓர் ஆபத்து: நமக்குத் தெரிந்த பண்டிகையின் நகலாக மற்றதைப் பார்ப்போம். ஹனுக்கா டிசம்பரை ஒட்டி வருவதால் அதை ‘யூதர்களின் கிறிஸ்துமஸ்’ என்பார்கள். யூத மரபில் அது சிறிய பண்டிகை. பாஸ்காவும் பாவநிவிர்த்தி நாளான யோம் கிப்பூரும்தான் பெரியவை. ரமலான் ஏன் ஒவ்வோர் ஆண்டும் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்கிறது என்று கேட்டால், சந்திர ஆண்டுக்குச் சுமார் 354 நாள் என்பதை வைத்துக் கணக்குப் போடச் சொல்லலாம். என் அனுபவத்தில் இதைவிட நன்றாக எடுபடும் பாடம் இல்லை.

படம் வரையச் சொல்வதில் கவனம் தேவை. நபிகள் நாயகத்தை வரையவோ அவராக நடிக்கவோ சொல்லக் கூடாது. சீக்கிய குருமார்களாக வேடமிடுவதையும் சீக்கியர்கள் ஏற்பதில்லை. தொப்பையோடு சிரிக்கும் உருவத்தைப் புத்தர் என்று காட்டுவதும் பிழை. அது சீனத் துறவி ஒருவரின் உருவம், கௌதம புத்தர் அல்ல.

வழிபாட்டிடத்துக்குக் கூட்டிப்போவது நல்லதுதான், முன்பே கேட்டுக்கொண்டு போனால். சீக்கியர்களின் குருத்வாராவில் தலையை மூட வேண்டும், மசூதியில் செருப்பைக் கழற்ற வேண்டும் என்பதெல்லாம் வாசலிலேயே சொல்லிவிடுவார்கள். கை நீட்டும்போதுதான் குழப்பம். குருத்வாராவின் பொதுச் சமையற்கூடமான லங்கரில் உணவு யாருக்கும் உண்டு. கத்தோலிக்கர்களின் வழிபாடான திருப்பலியில் தரும் புனித அப்பமான நற்கருணை அப்படியல்ல. அதை மற்றவர்கள் வாங்கக் கூடாது. இதைப் பிள்ளைக்கு முதல் நாளே சொல்லிவையுங்கள், வரிசையில் நிற்கும்போது கையைப் பிடித்து இழுக்காமல்.

வகுப்பில் உள்ள ஒரே ஒரு யூதப் பிள்ளையையோ முஸ்லிம் பிள்ளையையோ எழுப்பி “உங்கள் மதத்தில் ஏன் இப்படி?” என்று கேட்பது கொடுமை. ஒன்பது வயதுக்காரன் ஒரு மதத்தின் வழக்கறிஞர் அல்லன்.

கடைசியில் அந்தக் கேள்வி வந்தே தீரும்: “அப்போ யார் சொல்றது உண்மை?” பேச்சை மாற்றினால், கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டோம் என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். “நான் இதை நம்புகிறேன். உன் தோழியின் அம்மா வேறொன்றை நம்புகிறார். எதையும் நம்பாதவர்களும் இருக்கிறார்கள். ஏன் நம்புகிறேன் என்று வேண்டுமானால் சொல்கிறேன்” என்று சொல்லலாம். பெரும்பாலும் பிள்ளை அதற்குள் விளையாடப் போயிருக்கும். மூன்று நாள் கழித்து, நீங்கள் எதிர்பாராத நேரத்தில் வந்து, “சரி, ஏன்னு சொல்லு” என்று கேட்கும்.