கடலோர வீட்டில் மாதிரி ரயில்பாதை அமைப்பது எப்படி?

கடலூர் மஞ்சக்குப்பத்து வீட்டின் பின்னறையில் நான் அமைத்த முதல் மாதிரி ரயில்பாதை, அந்த ஆண்டின் ஐப்பசி மழை ஓய்வதற்குள் கெட்டுப்போனது. மலிவாகக் கிடைத்ததென்று வாங்கிய 6 மி.மீ. ப்ளைவுட் பலகை நடுவில் ஒரு விரற்கடை உயரத்துக்கு உப்பி எழுந்தது; அதன்மேல் ஒட்டியிருந்த தண்டவாளம் மூன்று இணைப்புகளில் பிரிந்தது. ஈரமும் உப்புக்காற்றும் நிறைந்த நம் ஊர்களில், கடலூரானாலும் புதுச்சேரியானாலும், மரமும் குன்றும் நிலையமும் பற்றிய யோசனை பிறகுதான். முதலில் பலகையைக் காப்பாற்ற வேண்டும்.

அதற்கும் முன்பாக அளவைத் தீர்மானிக்க வேண்டும். உலகில் மிகப் பரவலாகப் புழங்குவது எச்.ஓ. (HO) அளவு, அதாவது உண்மைப் பொருளின் 87-இல் ஒரு பங்கு. அதில் இரு தண்டவாளங்களுக்கும் இடையிலான அகலம் 16.5 மி.மீ. இடம் மிகக் குறைவாக இருந்தால் 160-இல் ஒரு பங்கான ‘என்’ (N) அளவு உண்டு. அதன் அகலம் 9 மி.மீ. நம் அகலப்பாதையின் 1,676 மி.மீ. அகலத்தை 87-ஆல் வகுத்தால் 19 மி.மீ.க்குச் சற்று மேல் வருவதால், எச்.ஓ. தண்டவாளத்தில் நம் ரயில் கொஞ்சம் குறுகலான பாதையில் ஓடுவதுபோல் தெரியும். இந்தக் குறை கண்ணை உறுத்துகிறது என்பவர், 1879-இல் திறக்கப்பட்டு 2004-இல் அகலப்பாதையாக மாறும்வரை மீட்டர்பாதையாகவே இருந்த விழுப்புரம்–புதுச்சேரித் தடத்தை எடுத்துக்கொள்ளலாம். ஒரு மீட்டரை 87-ஆல் வகுத்தால் 11.5 மி.மீ., கடைகளில் கிடைக்கும் 12 மி.மீ. தண்டவாளம் அதற்கு மிக நெருக்கமாகப் பொருந்தும். ஆனால் அதில் ஓட்ட வேண்டிய வண்டிகளைப் பெரும்பாலும் கையால்தான் செய்ய வேண்டியிருக்கும் என்பதால், புதிதாகத் தொடங்குபவருக்கு 16.5 மி.மீ. போதும் என்பது என் கருத்து. காலத்தையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள்: இன்றைய கடலூரைக் காட்ட விரும்பினால் மின்கம்பங்களையும் மேல்கம்பியையும் அமைத்தாக வேண்டும், அது முதல் முயற்சிக்கு ஏற்ற வேலையன்று. டீசல் இன்ஜின் ஓடிய அகலப்பாதைக் காலம் எளிது.

இனி கணக்கு. கடையில் ப்ளைவுட் 8 அடிக்கு 4 அடியாக வரும். அதாவது 244 செ.மீ.க்கு 122 செ.மீ. பாதையை நீள்வட்டமாக அமைத்து, விளிம்பிலிருந்து 6 செ.மீ. விட்டுவிட்டால் வளைவின் ஆரம் 55 செ.மீ.; இரு முனை வளைவுகளும் போக நேர்ப்பாதைக்கு எஞ்சுவது ஏறத்தாழ 122 செ.மீ. நாம் அன்றாடம் பார்த்த சென்னை ஐ.சி.எஃப். தொழிற்சாலையின் நீலநிறப் பெட்டி எச்.ஓ. அளவில் 25.6 செ.மீ., டபிள்யூ.டி.எம். 3ஏ டீசல் இன்ஜின் 20 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. நான்கு பெட்டிகளும் இன்ஜினும் சேர்ந்தால் நேர்ப்பாதை முழுவதும் அடைபட்டு, நிலையத்துக்கு இருபுறமும் மூச்சுவிட இடமிருக்காது. எனவே மூன்று பெட்டிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு பலகையில் நான்கு ஊர்களை அடைக்கப் பார்ப்பவரின் அமைப்பு பொம்மைக்கடை போலாகிவிடும். ஒரு நிலையம், ஒரு லெவல் கிராசிங், ஒரு சவுக்குத்தோப்பு போதும்.

பலகை ஐ.எஸ். 710 முத்திரையுள்ள 12 மி.மீ. மரைன் ப்ளைவுட்டாக இருக்கட்டும், எம்.ஆர். எனும் சாதாரணத் தரப் பலகை ஈரத்தை ஓரளவுக்குத்தான் தாங்கும். கீழே 2 அங்குல ரீப்பர்களால் சட்டம் கட்டி, ஒன்றரை அடிக்கு ஒரு குறுக்குச்சட்டம் கொடுங்கள். மேல்பக்கம், அடிப்பக்கம், நான்கு விளிம்புகள் என எல்லாவற்றுக்கும் பிரைமரும் இரண்டு கோட் எனாமலும் அடிக்க வேண்டும். அடிப்பக்கத்தை விட்டுவிட்டால் ஒரு முகம் ஈரம் குடிக்க, மறுமுகம் குடிக்காமல் நிற்க, பலகை வளைவது உறுதி. சுவரிலிருந்து அரை அடியாவது தள்ளி வையுங்கள்; மழைக்காலத்தில் நம் சுவர்கள் வியர்க்கும்.

தண்டவாளம் வாங்கும்போது நிக்கல் சில்வரா என்று கேட்டு வாங்குங்கள். அது செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த உலோகம். பெயரில் இருக்கும் வெள்ளி உலோகத்தில் இல்லை, ஆனால் துருப்பிடிக்காது. எஃகுத் தண்டவாளம் உப்புக்காற்றில் ஓராண்டு தாங்கினாலே அதிகம். பாதையின் கீழே 3 முதல் 5 மி.மீ. கார்க் பட்டை ஒட்டினால் சத்தமும் குறையும், உண்மைப் பாதையின் மேட்டுவடிவமும் கிடைக்கும். நேர்ப்பகுதிகளில் சில இணைப்புகளில் ஒரு போஸ்ட்கார்டின் கனத்துக்கு இடைவெளி விடுங்கள். கோடையில் உலோகம் நீளும், மழையில் மரம் விரியும்.

மின்சாரத்துக்கு ரயிலின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் 12 வோல்ட் டி.சி. கன்ட்ரோலரே தொடக்கத்துக்குப் போதுமானது. இணைப்புத் தகடுகள் மட்டுமே மின்சாரத்தைக் கடத்திவிடும் என்று நம்பாதீர்கள். மேசைக்கு அடியில் சிவப்பு, கறுப்பு என இரண்டு தடித்த வயர்களை ஓட்டி, மூன்று அடிக்கு ஒருமுறை மெல்லிய வயரால் தண்டவாளத்தோடு சால்டரிங் செய்துவிடுங்கள். சால்டரிங் பிடிப்பதற்காகத் தடவும் ஃப்ளக்ஸில், ஆசிட் ஃப்ளக்ஸ் பின்னாளில் உலோகத்தை அரிக்கும் என்பதால் ரோசின் ஃப்ளக்ஸையே பயன்படுத்த வேண்டும். ரயில் ஒரு வாரம் தடம் புரளாமல் ஓடிய பிறகுதான் ஜல்லி போட வேண்டும். ஜல்லி இறுகியபின் ஒரு வளைவைத் திருத்துவது பெரும்பாடு.

அந்த ஜல்லியில்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன். பாதையில் கொட்டும் 50 மி.மீ. கருங்கல் ஜல்லியை 87-ஆல் வகுத்தால் அரை மில்லிமீட்டர் சொச்சம்தான் வரும். கடற்கரை மணல் பக்கத்திலேயே கிடைக்கிறதே என்று அள்ளிவராதீர்கள். அதிலுள்ள உப்பு ஈரத்தை இழுக்கும். அதைவிட மோசம், அலை ஒதுங்கிய இடத்தில் படிந்திருக்கும் கறுப்புப் பொடி. காகிதத்தில் சுற்றிய காந்தத்தை அந்த மணலில் ஒருமுறை இழுத்துப் பாருங்கள், காகிதத்தின் அடியில் கறுப்பு மீசை முளைத்ததுபோல் துகள்கள் நிற்கும். அந்தத் துகள்களை இன்ஜின் மோட்டாரின் காந்தம் இழுத்துக்கொண்டால் பற்சக்கரம் தேய்ந்துவிடும். எனவே கட்டட வேலை நடக்கும் இடத்தில் ஒரு சிறு பை கருங்கல் எம்-சாண்ட் கேட்டு வாங்கி, தேநீர் வடிகட்டியில் சலித்து, கீழே இறங்கியதைத் தூசி போகும்வரை நீரில் அலசி, தோசைக்கல்லில் உலர வறுத்து, காந்தத்தால் ஒருமுறை துழாவிய பிறகே பயன்படுத்துங்கள்.

தண்டவாளத்தின் பக்கவாட்டுக்குத் துருப்பழுப்பு நிறம் தீட்டிவிட்டு, கரண்டிக்காம்பால் ஜல்லியைத் தண்டவாளத்தின் குறுக்குக்கட்டைகளுக்கு நடுவே கொட்டி, மெல்லிய தூரிகையால் கட்டையின் மேல்முகம் தெரியும்படி ஒதுக்குங்கள். பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு கலந்த நீரை மேலே பனிபோல் தெளித்து நனைத்த பிறகு, பாதிக்குப் பாதி நீர் கலந்த ஃபெவிகாலைச் சிரிஞ்சால் சொட்டுசொட்டாக விட வேண்டும். முன்னதாக நனைக்காவிட்டால் பசை முத்துமுத்தாக உருண்டு ஜல்லியைக் குழிபறித்துவிடும். ரயிலைத் தடம் மாற்றிவிடும் பாயிண்டின் நகரும் நாக்குகளுக்கு அருகே மட்டும் ஒரு சொட்டும் விழக்கூடாது. கோடையில் ஒரு நாள், கார்த்திகையில் இரண்டு நாள் தொடாமல் விட்டுவிடுங்கள்.

நிலையத்துக்கு வருவோம். உயர்மட்ட நடைமேடை தண்டவாளத்துக்கு மேல் 760 முதல் 840 மி.மீ. உயரம் இருக்கும், நம் அளவில் 9 மி.மீ. நேர்ப்பாதையில் பாதையின் நடுக்கோட்டிலிருந்து மேடை விளிம்புக்கு 20 மி.மீ. விடலாம்; வளைவை ஒட்டிய இடத்தில் இருப்பதிலேயே நீளமான பெட்டியை மெதுவாகத் தள்ளிப் பார்த்து, அது உரசாத இடத்தில் விளிம்பை அமையுங்கள். நின்றிருக்கும் பயணியின் உயரம் 19 மி.மீ. மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தாகத் தமிழ், இந்தி, ஆங்கிலம் மூன்றிலும் பெயர் வர வேண்டும். கடலூரின் நிலையங்களில் ஒன்றான திருப்பாதிரிப்புலியூரின் பெயரை எழுதத் துணிபவர் பலகையை நீளமாக வெட்டிக்கொள்ளட்டும். தரைக்குக் கடலூரை ஒட்டிய கேப்பர் மலைப் பக்கத்துச் செம்மண்ணைவிடப் பொருத்தமான வண்ணத்தை எந்த டப்பாவிலும் நான் கண்டதில்லை. சலித்து, வறுத்து, பசைமேல் தூவினால் போதும்.

சவுக்கு மரத்துக்குத் தேங்காய் நார் இருக்கிறது. மெல்லிய கம்பியை இரண்டாக மடித்து, நடுவே இரண்டு அங்குல நார்த்துண்டுகளைப் பரப்பி, ஒரு முனையைக் கையில் பிடித்துக்கொண்டு மறுமுனையை டிரில்லில் மாட்டி மெதுவாகச் சுழற்றினால் பாட்டில் கழுவும் பிரஷ்போல் வரும். அதைக் கத்தரிக்கோலால் கூம்பாக நறுக்கி, சாம்பல் கலந்த கரும்பச்சை பூசுங்கள். தோப்பில் சவுக்கு வரிசையாகவும் நெருக்கமாகவும் நிற்கும் என்பதால் குறைந்தது 40 மரங்கள் வேண்டும். முன்வரிசை 12 செ.மீ., பின்வரிசை 8 செ.மீ. என்று குறைத்துக்கொண்டே போனால் தோப்பு ஆழமாகத் தெரியும்.

வேலை முடிந்ததும் பழைய வேட்டியால் முழுவதையும் மூடி வைக்கப் பழகுங்கள். ஐசோபுரோபைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் மாதம் ஒருமுறை தண்டவாளத்தைத் துடைக்க வேண்டும். உப்புத்தாள் வேண்டாம், அது கீறும் கோடுகளில்தான் அடுத்த அழுக்கு வந்து அமரும்.