ஐஐஎம்மில் முதல் டெர்மைச் சமாளிப்பது எப்படி?

கேட் நுழைவுத் தேர்வு எழுதி, இன்டர்வியூ முடித்து, ஏதோ ஒரு ஐஐஎம்மில், அதாவது இந்திய மேலாண்மை நிறுவனத்தில், இடம் வாங்கிவிட்டீர்கள். பெரும்பாலும் ஜூனிலோ ஜூலையிலோ வகுப்பு தொடங்கும். ஆண்டுக்கு மூன்று டெர்ம், ஒவ்வொன்றும் ஏறக்குறைய மூன்று மாதம். அதில் முதல் டெர்ம்தான் ஆளைப் பிழிந்து எடுக்கும். நிதிக் கணக்கியல், மைக்ரோ எகனாமிக்ஸ், புள்ளியியல், மார்க்கெட்டிங், ஆர்கனைசேஷனல் பிஹேவியர் என்று ஐந்தாறு பாடம் ஒரே சமயத்தில் ஓடும். நடுநடுவே சர்ப்ரைஸ் குவிஸ், குரூப் அசைன்மென்ட், மாணவர் கிளப்பில் சேர இன்டர்வியூ, சம்மர் பிளேஸ்மென்ட் (கோடைக்கால இன்டர்ன்ஷிப்புக்கான தேர்வு) தயாரிப்பு வேறு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொடுப்பதையெல்லாம் படித்து முடிக்க யாராலும் முடியாது. எதை முழுசாகச் செய்வது, எதை மேலோட்டமாகப் பார்ப்பது, எதைத் தொடாமலே விடுவது என்று தினமும் முடிவெடுப்பதுதான் இந்த மூன்று மாத வேலை. கீழே வரும் படிகள் எல்லாம் அதற்குத்தான்.

படி 1: ஊரிலிருந்து கிளம்பும் முன்

கல்விக் கடன் வாங்குகிறவர்கள் முதல் டெர்ம் கட்டணத்தின் கெடு தேதியை வங்கியில் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். வங்கி மொத்தப் பணத்தையும் ஒரே நாளில் தராது. ஒவ்வொரு தவணைக்கும் கட்டணக் கடிதம் கேட்டு, நேராக நிறுவனத்துக்கு அனுப்பும். படிக்கும் காலத்தில் தவணை கட்ட வேண்டியதில்லை என்றாலும் வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கும். அப்பா அம்மாவிடமும் இதை விளக்கிச் சொல்லிவிடுவது நல்லது.

அடுத்தது சான்றிதழ்கள். சேர்ந்த சில வாரங்களிலேயே சிவி, அதாவது பயோடேட்டா, தயாரிக்கச் சொல்வார்கள். அதில் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் கேட்பார்கள். பள்ளியில் வாங்கிய கட்டுரைப் போட்டிப் பரிசு, கல்லூரி கலைவிழாவை நடத்திய கடிதம், வேலை பார்த்த கம்பெனியில் கிடைத்த விருது மின்னஞ்சல், எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஒரே ஃபோல்டரில் போட்டுக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் மாத நள்ளிரவில் பழைய கல்லூரி அலுவலகத்தை எழுப்ப முடியாது.

படிப்பு விஷயத்தில், இன்ஜினியரிங் முடித்தவர்கள் டெபிட், கிரெடிட் மட்டும் பழகிக்கொண்டு போனால் போதும். பி.காம். முடித்தவர்கள் நிகழ்தகவைத் தூசி தட்டுங்கள். எல்லாருக்கும் பொதுவாக எக்செல்: பிவட் டேபிள், விலுக்அப், கோல் சீக். வேறெதுவும் முன்கூட்டிப் படிக்க வேண்டாம், நன்றாகத் தூங்கிவிட்டு வாருங்கள்.

படி 2: கோர்ஸ் அவுட்லைனைப் பிரித்துப் பாருங்கள்

ஒவ்வொரு பாடத்துக்கும் முதல் நாளே ஒரு அவுட்லைன் தருவார்கள். பெரும்பாலானோர் புத்தகப் பட்டியலைப் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். பார்க்க வேண்டியது மதிப்பெண் பிரிக்கும் அட்டவணையை. குவிஸுக்கு எவ்வளவு, மிட் டெர்முக்கு எவ்வளவு, எண்ட் டெர்முக்கு எவ்வளவு, வகுப்பில் பேசுவதற்கு, அதாவது சிபிக்கு, எவ்வளவு. எல்லாப் பாடத்தையும் ஒரே எக்செல் தாளில் ஏற்றி, ஒவ்வொரு பாடத்தின் எடையைக் காட்டும் கிரெடிட்டையும் பக்கத்தில் போடுங்கள். எங்கே நேரம் செலவழிக்கலாம் என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். 5 மதிப்பெண் அறிக்கைக்கு மூன்று இரவு விழித்துவிட்டு 20 மதிப்பெண் குவிஸுக்குத் தூங்கி வழிகிற கூட்டம் எல்லா பேட்சிலும் உண்டு.

படி 3: கேஸ் படிக்கப் பழகுங்கள்

கேஸ் என்றால் ஒரு நிறுவனம் முடிவெடுக்க வேண்டிய சூழலைச் சொல்லும் பாடக்கதை. இதில்தான் புதியவர்கள் அதிகம் திணறுகிறார்கள். அகமதாபாத் ஐஐஎம் 1961இல் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலின் துணையோடு தொடங்கியது. கேஸ் வைத்துப் பாடம் நடத்தும் வழக்கமும் அங்கிருந்து கூடவே வந்தது. அதே ஆண்டு தொடங்கிய கொல்கத்தா ஐஐஎம் அமெரிக்காவின் எம்ஐடியோடு கைகோத்தது. இன்று 2011இல் வந்த திருச்சி ஐஐஎம் உட்பட எங்கே போனாலும் கேஸிலிருந்து தப்ப முடியாது. பத்திருபது பக்கம் கதை, பின்னால் சில பக்கம் அட்டவணை. ஒரு நாளைக்கு இப்படி இரண்டு மூன்று.

முதல் வரியிலிருந்து கதைப் புத்தகம் மாதிரி படிக்காதீர்கள். முதல் பத்தியையும் கடைசிப் பத்தியையும் படியுங்கள். யார், எப்போதைக்குள், என்ன முடிவெடுக்க வேண்டும் என்பது அந்த இரண்டிலும் இருக்கும். பிறகு நேராக அட்டவணைகளுக்குப் போங்கள். கதையை அதற்கப்புறம் படித்தால் போதும், அதுவும் வேண்டிய இடத்தை மட்டும்.

ஒரு கற்பனை கேஸ் பார்ப்போம். ஒரு காபிக்கடை நிறுவனம் புதுக் கிளை திறக்கலாமா என்று யோசிக்கிறது. வாடகை, சம்பளம் எல்லாம் சேர்த்து மாதம் 2,40,000 ரூபாய். ஒரு கோப்பை விலை 60 ரூபாய். பால், தூள், கோப்பைக்கு 20 ரூபாய். ஒரு கோப்பைக்குக் கையில் மிஞ்சுவது 40. அப்படியானால் மாதம் 6,000 கோப்பை, நாளுக்கு 200 விற்றால்தான் முதலுக்கு மோசமில்லை. ஆனால் அட்டவணையில் பக்கத்துத் தெருக் கிளை நாளுக்கு 150தான் விற்கிறது. பாதிப் பேர் இங்கேயே நின்று "வேண்டாம்" என்று எழுதிவிடுவார்கள். இன்னும் ஒரு படி போங்கள். விலையை 75 ஆக்கினால் மிஞ்சுவது 55; அப்போது நாளுக்கு 146 கோப்பை போதும். ஆக, கேள்வியே மாறிவிட்டது. விலை ஏறினால் அந்த 150 பேரில் எத்தனை பேர் ஓடுவார்கள்? 4 பேர் போனால் தப்பித்தோம், 5 பேர் போனால் நஷ்டம். மறுநாள் வகுப்பு முழுக்க இதைச் சுற்றித்தான் நடக்கும். இவ்வளவையும் ஒரு தாளின் முக்கால் பக்கத்தில் எழுதிவிடலாம். அந்தத் தாளோடு வகுப்புக்குப் போங்கள், கேஸ் முழுவதையும் மனப்பாடம் செய்துகொண்டு அல்ல.

மூன்று கேஸ் இருக்கிற நாளில் ஒன்றை இப்படி முழுசாகப் போடுங்கள். மற்ற இரண்டுக்கும் முதல் பத்தி, கடைசிப் பத்தி, அட்டவணை. அவ்வளவுதான்.

படி 4: வகுப்பில் வாய் திறவுங்கள்

தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் சின்ன ஊர்க் கல்லூரியிலிருந்து வந்தவர்களுக்கும் இதுதான் பெரிய பயம். சரளமாக ஆங்கிலம் பேசும் நாலு பேர் முதல் வாரம் முழுக்கக் கையைத் தூக்கியபடியே இருப்பார்கள். மூன்றாவது வாரத்தில் பேராசிரியர் அவர்களைக் கண்டுகொள்வதை நிறுத்திவிடுவார். எண்ணோடு பேசுகிறவரைத்தான் அவர் தேடுகிறார். "விலையை உயர்த்தலாம் சார்" என்பதை யாரும் சொல்லலாம். "75 ரூபாய் வைத்தால் நாளுக்கு 5 பேர் குறைந்தாலே நஷ்டம், அதனால் முதலில் ஒரு கிளையில் போட்டுப் பார்க்கலாம்" என்பதை உடைந்த ஆங்கிலத்தில் சொன்னாலும் போர்டில் ஏறும்.

முதல் இரண்டு வாரத்துக்குள் ஒரு தடவையாவது பேசிவிடுங்கள். தள்ளிப்போடப் போட நாக்கு ஒட்டிக்கொள்ளும். விவாதம் சூடானபின் இடம் கிடைக்காது, ஆரம்பத்திலேயே கையைத் தூக்குங்கள்.

படி 5: குரூப்பும் கிரேடும்

அசைன்மென்ட் குரூப்பைப் பெரும்பாலும் அலுவலகமே போட்டுத்தரும். ஐந்தாறு பேரில் ஒருவர் கட்டாயம் காணாமல் போவார். அதற்காகச் சண்டை போட்டு மூன்று மாதத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். முதல் கூட்டத்திலேயே யார் எந்தப் பகுதி, எந்த மணிக்குள் என்று வாட்ஸ்அப்பில் எழுதிவிடுங்கள். கெடு இரவு 11:59 என்றால் உங்களுக்குள் 9 மணி என்று வையுங்கள்.

மதிப்பெண் ரிலேட்டிவ் கிரேடிங்கில்தான் வரும். 72 எடுத்தும் வகுப்பு சராசரி 80 என்றால் கிரேடு இறங்கிவிடும். இதனால் சிலர் நோட்ஸைக் கொடுக்காமல் பதுக்குவார்கள். கேம்பஸில் இதற்கு 'ஆர்ஜி' என்று பெயர். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது வீண் வேலை. பேட்சில் சில நூறு பேர் இருக்கும்போது, நாலு நண்பர்களுக்குச் சொல்லிக்கொடுத்தால் உங்கள் இடம் இறங்கப் போவதில்லை. சொல்லிக்கொடுத்தால் உங்களுக்குத்தான் பாடம் ஏறும். அசைன்மென்ட் குரூப் வேறு, படிக்கிற கூட்டம் வேறு. இரண்டாவதை நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள்: ஒரு சிஏ, ஒரு இன்ஜினியர், ஒரு எகனாமிக்ஸ்காரர் இருந்தால் ராஜயோகம்.

படி 6: கிளப், பிளேஸ்மென்ட்

சம்மர் பிளேஸ்மென்ட் பல ஐஐஎம்களில் அக்டோபர், நவம்பர் வாக்கில் நடக்கும். ஆனால் சிவியில் திருத்தம் செய்வது அதற்கு வெகு முன்பே மூடப்படும். ஒரு கிளப் போதும், மிஞ்சினால் இரண்டு. எட்டு கிளப்புக்கு விண்ணப்பித்து இரவெல்லாம் இன்டர்வியூவுக்குக் காத்திருப்பது வீட்டில் பெருமையாகச் சொல்லத்தான் உதவும்.

சீனியர்களிடம் போய்க் கேளுங்கள். பெரும்பாலான கேம்பஸில் அவர்களைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அண்ணா, அக்கா என்று பழகிய நமக்கு முதல் வாரம் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். கேட்கும்போது "எப்படித் தயாராவது?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். "என் சிவியில் இந்த மூன்றாவது வரியில் இன்டர்வியூவில் என்ன கேட்பார்கள்?" என்று கேட்டால் உட்கார்ந்து சொல்வார்கள்.

படி 7: சாப்பாடு, தூக்கம், ஊர்

வடக்கே போகிறவர்கள் பருப்புப் பொடி, ஊறுகாய், ஒரு டப்பா நெய் எடுத்துக்கொள்ளுங்கள். மெஸ்ஸில் சாதம் எப்படியும் இருக்கும், மற்றதை நீங்கள் பார்த்துக்கொள்ளலாம். இந்தி தெரியாவிட்டால் பாடத்துக்குத் தடையில்லை. இரவு கேன்டீன் அரட்டையில்தான் கொஞ்சம் முழிப்பீர்கள். ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லிக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

குவிஸுக்கு முந்தைய இரவு எத்தனை மணி ஆனாலும் தூங்கிவிட்டுப் போங்கள். புள்ளியியல் பேப்பரில் ஒரு சைபர் விட்டுப்போவது பெரும்பாலும் தூக்கக் கலக்கத்தில்தான்.

எண்ட் டெர்ம் முடிந்து கிடைக்கும் விடுமுறை மிகச் சிறியது. அதற்கான ரயில் டிக்கெட்டை இப்போதே நாள்காட்டியில் குறித்துவையுங்கள். 2024 நவம்பரிலிருந்து முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. அகமதாபாத்திலிருந்து சென்னைக்கு வருகிறவர்கள் நவஜீவன் எக்ஸ்பிரஸுக்கு முன்பதிவு திறக்கும் அன்று காலை 8 மணிக்கே உட்கார்ந்துவிடுங்கள். கடைசித் தேர்வு நடக்கும் நாளுக்குப் போடாமல் மறுநாளுக்குப் போடுங்கள், தேர்வு அட்டவணை மாறினாலும் மாறும்.