ஒரே ஏ4 தாளில் பேராசைக் கதை: பிள்ளைகளோடு படப்புத்தகம் செய்யும் முறை

பேராசையை வார்த்தையில் விளக்கப் போனால் படப்புத்தகம் பாடப்புத்தகம் ஆகிவிடும். பக்கத்தில் எது எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதே கதையைச் சொல்லட்டும். பெங்களூரில் வளரும் நம் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் பேச வரும், எழுத்துக்கூட்டத்தான் திணறுவார்கள். அவர்களுக்கு இந்த வழி நன்றாகக் கைகொடுக்கும். 5 முதல் 7 வயதுக்குச் சரி.

தாளை மூன்று முறை பாதிபாதியாக மடித்து விரித்தால் எட்டுக் கட்டம். ஒவ்வொன்றும் சுமார் 10.5 × 7.4 செ.மீ. குட்டை ஓரங்கள் இரண்டும் சேரும்படி மறுபடி மடியுங்கள். மடிப்பின் நடுவிலிருந்து உள்நோக்கி, அடுத்த குறுக்குக் கோடு வரை மட்டும் வெட்டுங்கள். தாண்டினால் பக்கங்கள் பிய்ந்து வரும். விரித்து, நீளவாக்கில் மடித்து, இரு முனைகளையும் உள்ளே தள்ளினால் கூட்டல் குறி போல நிற்கும். அதைச் சுற்றி மடித்தால் புத்தகம். இப்போதே பென்சிலில் 1 முதல் 8 வரை எண் போடுங்கள். எண் போடாமல் தாளை விரித்து வரைந்தால் பாதிப் படம் தலைகீழாகிவிடும்.

கதைக்கு நாவல்பழம் எடுப்போம். தெருவில் கன்னடத்தில் ‘நேரளே’ என்று கேட்டுப் பழகிய பிள்ளைக்கு இரண்டு பெயரும் இருக்கட்டும். 1 அட்டை. 2இல் மல்லி என்ற சிறுமி பெரிதாக, கையில் ஒரு பழம்: “இன்னும் ஒண்ணு.” 3இல் இரண்டு பை நிறைய. 4இல் பாவாடை மடி நிறைய, மல்லி பாதியாகிறாள். 5இல் கவிழ்த்த குடை நிறையக் குவியல், மூலையில் அவள் கண் மட்டும்: “இன்னும்!”

இங்கே நிறுத்தி, பக்கத்தை மெல்லத் திருப்புங்கள். 6 முழுக்க ஊதா. மேலே இருந்த பாரத்தில் அடிப்பழங்கள் நசுங்கிவிட்டன. சொல் எதுவும் வேண்டாம். 7இல் உள்ளங்கையில் ஐந்து பழம், சுற்றிலும் வெறும் வெள்ளை. பிள்ளைகள் அங்கே சூரியன், மேகம் போடக் கிளம்புவார்கள். அந்தப் பக்கத்தை மட்டும் விடச் சொல்லுங்கள்; அந்த வெள்ளைதான் நிறைவு. 8இல் ஊதா நாக்கு.

மல்லியை அசிங்கமாக வரையாதீர்கள். வரைந்தால் “அது நான் இல்ல” என்று பிள்ளை ஒதுங்கிவிடும். அவளை ஏழையாகவும் காட்ட வேண்டாம். இல்லாத பிள்ளையிடம் ‘போதும்’ என்பது ‘கேட்காதே’ என்றுதான் ஒலிக்கும். பின்அட்டையில் குறள் எழுதக் கை துறுதுறுக்கும். ஆனால் ஆசையை அறுக்கச் சொல்லும் அவாவறுத்தல், 37ஆம் அதிகாரம், துறவிகளுக்கான துறவறவியலில் இருக்கிறது. நாவல்பழம் கேட்கும் ஐந்து வயதுக்கு அது பொருந்தாது.

படித்து முடித்ததும் “என்ன கத்துக்கிட்ட?” என்று கேட்காமல், 7ஆம் பக்கத்தைக் காட்டி “இப்ப மல்லி என்ன சொல்லுவா?” என்று கேட்டு, பிள்ளை சொல்வதை அப்படியே அங்கே ஓரத்தில் சிறிதாக எழுதுங்கள்.