பழைய கணினியிலிருந்து கோப்புகளை எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய கணினியின் கோப்புகளைப் புதிய பிசிக்குக் கொண்டுவருவதில் பாதி ஆபத்து, காப்பி தொடங்கும் முன்பே வந்துவிடுகிறது. பல வருடம் தாக்குப்பிடித்த ஃபிளாப்பி (கோப்புகளைச் சேமிக்கும் பழைய காந்த வட்டு), அவசரமாக டிரைவில் தள்ளிய ஒரு நிமிடத்தில் கெட்டுப்போகலாம்.

முதல் வேலை, வட்டில் யாரும் எழுத முடியாதபடி செய்வது. 3.5 அங்குல வட்டில் மூலையிலுள்ள சின்னத் தாழை நகர்த்தி, ஓட்டை திறந்திருக்கும்படி வையுங்கள். 5.25 அங்குல வட்டில் நேர்மாறு: ஓரத்து வெட்டை ஒட்டுத்தாளால் மூட வேண்டும். 'படிக்கத்தானே போகிறோம், இதெல்லாம் எதற்கு?' என்று பலர் விட்டுவிடுகிறார்கள். விண்டோஸ் 95, 98 இரண்டும் நம்மைக் கேட்காமலே வட்டின் பூட் செக்டாரில் (வட்டின் அமைப்பு பற்றிய குறிப்புகள் இருக்கும் முதல் பகுதி) தங்கள் அடையாளத்தை எழுதிவைக்கும். இன்றைய விண்டோஸ் 'வட்டை ஃபார்மேட் செய்யட்டுமா?' என்று கேட்டால் கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்லுங்கள். வட்டு காலி என்று அதற்கு அர்த்தமில்லை. அந்த அமைப்பு விண்டோஸுக்குப் புரியவில்லை, அவ்வளவுதான்.

யுஎஸ்பி ஃபிளாப்பி டிரைவ் எதையும் படித்துவிடும் என்று நம்பாதீர்கள். பிசியில் எழுதிய 1.44 எம்பி வட்டுக்கு அது போதும். 720 கேபி வட்டைப் பெரும்பாலானவை படிக்கும். அமிகாவின் 880 கேபி வட்டையோ, பழைய மேக்கின்தாஷின் 400, 800 கேபி வட்டுகளையோ அது படிக்காது. அவற்றுக்கு நிஜமான ஃபிளாப்பி டிரைவும் அதோடு இணைக்க கிரீஸ்வீசல் (வட்டின் காந்தப் பதிவை அப்படியே எடுத்துத் தரும் யுஎஸ்பி போர்டு) போன்ற ஒன்றும் தேவை.

புதிய டிரைவில் எழுதிய வட்டைப் பழைய கணினிக்குக் கொண்டுபோகும்போது வரும் சிக்கல்தான் ஆளைக் குழப்பும். 5.25 அங்குல வட்டில் 360 கேபி டிரைவ் 40 தடங்களில் (வட்டமான பதிவு வரிகள்) எழுதும்; 1.2 எம்பி டிரைவ் 80 தடங்களில் எழுதுவதால் அதன் ஹெட் (எழுதிப் படிக்கும் முனை) ஒடுக்கமானது. பழைய டிரைவில் எழுதிய 360 கேபி வட்டின் மேல் 1.2 எம்பி டிரைவில் எழுதினால், புது எழுத்து நடுவில் மட்டும் விழும். பழைய எழுத்து இரு ஓரத்திலும் மிச்சம் இருக்கும். எழுதிய டிரைவே படித்துப் பார்த்தால் எல்லாம் சரி. பழைய கணினியின் அகலமான ஹெட் இரண்டையும் சேர்த்துப் படித்து, பிழை என்று சொல்லும். பழி பழைய டிரைவின் மேல் விழும். இதற்கு என் பரிந்துரை, அந்த வட்டில் எழுதும் வேலையை 360 கேபி டிரைவுக்கே விட்டுவிட்டு, கோப்பை சீரியல் கேபிள் வழியாக அனுப்புவது.

சீரியலிலும் கவனம் வேண்டும். பழைய கணினியின் ஆர்எஸ்-232 (சீரியல்) போர்ட்டில் 12 வோல்ட் வரை, அதற்கு மேலும்கூட வரும். 3.3 வோல்ட் யுஎஸ்பி சீரியல் போர்டை அதில் நேராக இணைத்தால் போர்டு போய்விடும். இரண்டு கணினிகளை இணைக்க நல் மோடம் கேபிள் (அனுப்பும் கம்பியும் பெறும் கம்பியும் உள்ளே மாற்றி இணைக்கப்பட்டது) வேண்டும். சாதாரண நீட்டிப்பு கேபிளில் எதுவும் நகராது. வேகத்துக்கு ஆசைப்படாதீர்கள். ஆரம்பகால பிசிகளின் 8250 சீரியல் சிப்பில் பஃபரே (வரும் பைட்டுகளைச் சேர்த்துவைக்கும் இடம்) கிடையாது; அடுத்த பைட் வருவதற்குள் எடுக்காவிட்டால் முந்தையது போயிற்று. 9600 பாட் வேகத்தில் விநாடிக்கு 960 பைட் போகும். ஒரு முழு 360 கேபி வட்டுக்கு ஆறரை நிமிடம். காத்திருக்கலாம்.

அனுப்பி முடித்ததும் கோப்பின் அளவு கூடியிருந்தால் பதற வேண்டாம். எக்ஸ்மோடம் என்ற கோப்பு அனுப்பும் முறை 128 பைட் துண்டுகளாகத்தான் அனுப்பும். கடைசித் துண்டின் காலி இடத்தைப் பெரும்பாலும் கன்ட்ரோல்-இசட் எழுத்தால் நிரப்பும். உண்மையில் பயப்பட வேண்டியது டெக்ஸ்ட் மோடுக்கு. கெர்மிட், எஃப்டிபி போன்ற மற்ற அனுப்பும் முறைகளில் பைனரி மோடுக்கு (எந்தப் பைட்டையும் மாற்றாமல் அனுப்புவது) மாற்ற மறந்தால், வரிமுடிவு என்று நினைத்து நிரலுக்குள் இருக்கும் பைட்டுகளையும் மாற்றிவிடும்.

சிஎஃப் (காம்பாக்ட் ஃபிளாஷ்) மெமரி கார்டு வழியாக எடுப்பவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது: டாஸ் 6.22க்கு ஃபேட்32, எக்ஸ்ஃபேட் என்ற புதிய வட்டு அமைப்புகள் எதுவும் தெரியாது. 2 ஜிபிக்கு உட்பட்ட ஃபேட்16 பார்ட்டிஷனைப் பழைய கணினியிலேயே உருவாக்குங்கள்.

பழைய மேக் கோப்புகளை அப்படியே விண்டோஸுக்கு இழுத்துப் போட்டால் ரிசோர்ஸ் ஃபோர்க் (மேக் கோப்போடு ஒட்டியிருக்கும் இரண்டாவது பகுதி) உதிர்ந்துவிடும், நிரல் ஓடாது. அங்கேயே ஸ்டஃபிட் என்ற நிரலில் கட்டி, பின்ஹெக்ஸாக (இரண்டு பகுதிகளையும் சாதாரண எழுத்துகளாக்கும் வடிவம்) மாற்றி அனுப்புங்கள். டாஸில் அந்த வேலைக்கு பிகேசிப் (ஜிப் கோப்பு உருவாக்கும் நிரல்). ஒவ்வொரு கோப்புக்கும் சிஆர்சி எண் (பிழையைக் கண்டுபிடிக்கும் சரிபார்ப்பு எண்) ஜிப் கோப்புக்குள்ளேயே இருப்பதால், இந்தப் பக்கம் பிரிக்கும்போதே பழுது தெரிந்துவிடும். பிழை வந்தால் வேகத்தைக் குறைத்து மறுபடி அனுப்புங்கள். அதுவரை பழைய கணினியில் எதையும் அழிக்காதீர்கள்.