கியூபெக் குளிரில் மரத்துப்போன கால்கள்: என் அனுபவம்

புதுச்சேரியிலிருந்து பரிமாற்ற மாணவியாகக் கனடாவின் கியூபெக் நகரம் போயிருந்தேன். நேரு வீதியில் வாங்கிய பருத்திச் சாக்ஸ் மூன்று ஜோடியை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு குளிர்காலக் கார்னிவல் பார்க்கக் கிளம்பினேன். மைனஸ் 20 டிகிரி. ஊர்வலத்தில் சிவப்புத் தொப்பியோடு கார்னிவலின் சின்னமான ‘போனோம்’ (Bonhomme) என்ற பனிமனிதர் வந்தார். வைத்திக்குப்பம் மாசிமகக் கூட்டம் மாதிரியே அப்பாக்களின் தோளில் குழந்தைகள். அத்தனை அழகு! ஆனால் என் கால்விரல்கள் மரத்துவிட்டன.

நான் தங்கியிருந்த வீட்டு அம்மாதான் காரணம் சொன்னார். பருத்தி வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும். மூன்று ஜோடி இறுக்கினால் ரத்த ஓட்டமும் குறையும். அப்புறம் ஒரே ஒரு கம்பளிச் சாக்ஸ், விரல் அசைய இடமுள்ள பெரிய பூட்ஸ், பையில் மாற்று ஜோடி. அடுத்த வாரம் 800 மீட்டர் உயர மோன் சாந்த் ஆன் மலையுச்சியில் வெகுநேரம் நின்றேன். கால் சூடாகவே இருந்தது.