பித்தளை மைக்கூட்டில் ஏறிய பச்சைக் களிம்பு

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவிலுள்ள பழம்பொருள் கடையொன்றில் வாங்கிய பித்தளை மைக்கூட்டைத் தேக்கு மேசைமீது அலங்காரமாக வைத்திருந்தேன். மழைக்காலம் வந்ததும் மூடியின் கீலைச் சுற்றிப் பச்சைக் களிம்பு ஏறி, அடியிலிருந்த மரத்திலும் வளையமாகக் கறை படிந்துவிட்டது.

பித்தளையிலுள்ள செம்பு ஈரக்காற்றில் இவ்வாறு களிம்பேறும். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் அதைக் கரைத்துவிடும் என்றாலும், குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் புளியை அப்பி நெடுநேரம் ஊறவிட்டால் துத்தநாகம் அரிக்கப்பட்டுச் செம்பின் சிவப்பு திட்டுத்திட்டாக வெளிப்படக்கூடும் என்பதால், நீர்த்த புளிக்கரைசலைப் பஞ்சில் தோய்த்துக் களிம்பேறிய இடத்தில் மட்டும் ஒற்றி, உடனே நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்தேன். கீலின் இடுக்கில் ஒட்டியிருந்ததை மூங்கில் குச்சியால் நெருடி எடுத்தேன், ஊசி கீறிவிடும். மற்றபடி மேனியெங்கும் படிந்திருந்த பழுப்பு நிறத்தைத் தொடவேயில்லை. பழம்பொருளுக்கு அழகே அதுதான்; பளபளப்பு வேண்டுவோர் புதிதாகவே ஒன்றை வாங்கிக்கொள்ளலாம்.

முழுவதும் உலர்ந்தபின் தேன்மெழுகை மெல்லியதாகப் பூசி, பருத்தித் துணியால் தேய்த்தேன். மேசையின் கறை, மரத்தின் இழையோட்டத்திலேயே நைசான உப்புத்தாளால் தேய்த்ததும் பெரும்பாலும் மறைந்தது. மைக்கூட்டின் அடியில் இப்போது சிறு கண்ணாடித் துண்டு இருக்கிறது; துணி விரித்தால் அதுவே ஈரத்தைப் பிடித்துவைக்கும்.